கொசுவலை மீனவர்

கடல் ராஜபாளையத்துக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் துறைமுகம் வந்துவிட்டது. மில் பஞ்சும் நூலும் சிமெண்டும் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைபட்டுக் கூட்ஸ் வண்டியில் ஏறுகிற இடத்தைச் சுற்றி மதில் கட்டி, வாசலில் ‘உலர் துறைமுகம்’ என்று வளைவு வைத்தார்கள். ‘உலர்’ சுண்டைக்காய் அளவு. ‘துறைமுகம்’ பூசணிக்காய் அளவு. திறப்பு விழாவில் பேசிய பெரிய அதிகாரி, “கடல் இல்லை என்ற ஒரு சிறு குறையைத் தவிர, இந்தத் துறைமுகத்தில் எந்தக் குறையும் இல்லை” என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். வெயிலில் உட்கார வைத்து மோர் கொடுத்திருக்கிறார்களே, கைதட்டாமல் எழுந்து வந்தால் மரியாதையாகவா இருக்கும்?

அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் அசன் முகம்மதுவின் வீடு. மனுஷன் பஜாரில் கொசுவலைக் கடை வைத்திருந்தார். கட்டில் வலை, ஜன்னல் வலை, தொட்டில் வலை, குடை மாதிரி விரிகிற வலை என்று அவரிடம் இல்லாத வலை கிடையாது. அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்வதற்கே ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

ரயில் சத்தம் அவருக்குப் புதிதில்லை. செங்கோட்டைப் பக்கம் போகிற பாசஞ்சர் ஒரு ஊது ஊதிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். துறைமுகம் வந்த பிறகு கூட்ஸ் இஞ்சின் ஊதியது வேறு ஊதல். மதில் முனையில் ஆரம்பித்து, சரக்குக் கிட்டங்கி வாசலில் போய் நிற்கிற வரைக்கும் விடாமல் ஒரே ஊதல். அலமாரியில் பாத்திரம் ஆடும். கருத்தையா டீக்கடையில் கண்ணாடிக் கிளாஸெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பகலில் இத்தனை, ராத்திரியில் இத்தனை என்று கணக்கே கிடையாது. பெட்டி வந்தால் ஊதல் வரும்.

அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அவர் மகள் ஹஃபீஸா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆண் பிள்ளை. அசன் முகம்மதுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தொட்டிலுக்குக் கடையிலேயே நயமான வெள்ளை வலையாகப் பார்த்து எடுத்துவந்து தன் கையால் கட்டினார். ஆனால் பிள்ளை தூங்கினால்தானே? கண் சொக்கும் நேரத்துக்கு ஊதல் வரும். பிள்ளை கையையும் காலையும் உதறிக்கொண்டு, முகம் சிவந்து, மூச்சு முட்ட அழும். பால் குடிக்கிறபோது ஊதினால் அத்தோடு பாலை விட்டுவிடும். ஹஃபீஸாவும் சேர்ந்து அழுவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மருமகன் முஹம்மது அனஸ் தன் தாயாரோடு பிள்ளையைப் பார்க்க வந்தான். சம்மந்தியம்மா பேரனை மடியில் வாங்கி, முத்தம் கொடுக்கக் குனிந்த நேரம் பார்த்து இஞ்சின் ஊதியது. பிள்ளை துடித்த துடிப்பில் அந்தம்மா மடியிலிருந்து நழுவப் பார்த்தது.

“இதென்ன வீடா, ரயிலடியா?” என்று அந்தம்மா எழுந்துவிட்டது. “பச்சப் புள்ளைக்குக் காது போயிரும். இந்த ஊதல் நிக்கலைன்னா நாப்பது வரைக்கும் நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். புள்ளையையும் மருமகளையும் கூட்டிட்டுப் போயிருவேன், சொல்லிட்டேன்.”

நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்து, சீர் செய்து அனுப்புவதற்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு போனால் தாய் வீட்டுக்கு என்ன மானம் மிஞ்சும்? அது ஒரு பக்கம். பேரனை நாற்பது நாள்கூட வைத்துப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்பதுதான் அசன் முகம்மதுவை அறுத்தது.

“நீங்க என்ன ஆம்பள?” என்றாள் அவர் மனைவி அசீனா. “போயி அந்த ஊதலை நிப்பாட்டிட்டு வாங்க.”

ரயிலடிக்குப் போனார். அங்கிருந்தவர் நல்ல மனுஷன். “பாய், வண்டி எங்களது, டிரைவர் எங்க ஆளு, ஹாரனும் எங்களது. ஆனா அந்த மதிலைத் தாண்டிட்டா அவரு மாலுமி. ஊதச் சொல்றது துறைமுகம்” என்று வழிகாட்டினார்.

துறைமுகத்துக்குள் ‘ஒலி ஒழுங்கு அலுவலகம்’ என்று ஒரு அறை இருந்தது. வாசலில் ஜெபா என்கிற பெண் வருகிறவர்கள் பேரைப் பதிந்துகொண்டிருந்தாள். உள்ளே ஒலி ஒழுங்கு அதிகாரி அனந்தபத்மநாபன். முன்பு நிஜமான கடல் இருந்த துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்த சட்டப் புத்தகத்தையும் கடல் வரைபடத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். வரைபடத்தில் பழைய ஊர்ப் பேர்களை அடித்துவிட்டு இந்த வட்டாரத்துத் தெருவையும் ஊரையும் எழுதிக்கொண்டார். புதிதாகச் சட்டம் எழுத ஆள் இல்லாததால், ‘இதில் கடல் என்று வருமிடத்திலெல்லாம் உலர்ந்த கடல் என்று படித்துக்கொள்ளவும்’ என ஒரே வரியில் உத்தரவு போட்டு அதையே அமல்படுத்திவிட்டார்கள்.

“ஹாரன் சத்தம் தாங்க முடியல சார். வீட்ல பச்சப் புள்ள இருக்கு” என்றார் அசன் முகம்மது.

“அது ஹாரன் இல்லை பாய். நுழைவு ஒலி. துறைமுகத்துக்குள்ள நுழையற எதுவும் எதிர்ல வர்ற படகுகளை எச்சரிக்கணும்.”

“இங்க படகு ஏது சார்?”

அனந்தபத்மநாபன் முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தீங்களா! எச்சரிக்கை எவ்வளவு பிரமாதமா வேலை செய்யுதுன்னு நீங்களே சொல்றீங்க. நான் பொறுப்பேத்த நாள்லேர்ந்து ஒரு படகுகூட எதிர்ல வந்து மோதலை. பெரிய பெரிய துறைமுகத்துலகூட இந்தச் சாதனை கிடையாது.”

“சரிங்க சார். ஆனா குடியிருக்கறவங்க...”

“துறைமுகத்தை ஒட்டினாப்புல யாரும் குடியிருக்க முடியாது. இதோ பாருங்க.” சுவரில் தொங்கிய வரைபடத்தைத் தொட்டுக் காட்டினார். “உங்க தெரு எந்த நிறத்துல இருக்கு?”

“நீலம்.”

“நீலம்னா கடல். கடல்ல வீடு கட்டிக்கிட்டு சத்தம் கேக்குதுன்னு சொன்னா நான் என்ன செய்யட்டும்? இந்தச் சட்டப்படி ஊதலைப் பத்தி முறையிடற உரிமை மீனவர்களுக்கு மட்டும்தான்.”

அசன் முகம்மது கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் ஜெபா, “பாய், உள்ள போறப்பவே தொழில் என்னன்னு கேக்க மறந்துட்டேன். சொல்லிட்டுப் போங்க” என்றாள்.

“வலை வியாபாரம்மா.”

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அனந்தபத்மநாபன் வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். “வலையா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எத்தனை மாசமா ஒரு மீனவர்கூட இல்லாம இந்தத் துறைமுகத்தை நடத்திக்கிட்டு இருக்கேன் தெரியுமா?”

“சார், அது கொசு...”

“எதைப் பிடிக்கற வலைன்னு சட்டம் கேக்கலை. வலை இருக்கா இல்லையான்னுதான் கேக்குது. ஜெபா, எழுதிக்கோ. மீனவர் ஒருவர்.”

அசன் முகம்மது அந்த நிமிஷத்திலேயே ‘நான் மீனவன் இல்லை’ என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்ததுதான். தொட்டிலில் கிடந்து துடிக்கிற பிள்ளை முகம் கண்ணில் வந்தது. ‘மீனவனா இருந்தா என்ன, மாலுமியா இருந்தா என்ன, ஊதல் நின்னாப் போதும்’ என்று வாயை மூடிக்கொண்டார்.

மீனவர் என்றால் நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமாம். சோதனைக்காக ஒரு ஜீப்பில் ஏற்றிப் பிளவக்கல் அணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனுஷன் வாழ்நாளில் வாளியில் மொண்டு குளித்ததைத் தவிர வேறு தண்ணீரில் இறங்கியதில்லை. வழியெல்லாம் துஆ ஓதிக்கொண்டே போனார். அணையில் ‘இங்கு குளிக்கவோ இறங்கவோ கூடாது’ என்று பலகை வைத்திருந்தது. அனந்தபத்மநாபன் பலகையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அசன் முகம்மதுவைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஜெபாவை எழுதச் சொன்னார்: “இறங்கத் தடை உள்ளதால் இவர் மூழ்க வாய்ப்பில்லை. மூழ்க வாய்ப்பில்லாதவர் நீச்சல் தெரிந்தவராகக் கருதப்படுகிறார்.”

தேர்ச்சி பெற்றதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள். கடலில் இருக்கிற நேரமெல்லாம் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். வீடு இருப்பது நீலத்தில் அல்லவா? அதனால் அசன் முகம்மது வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டு மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. சாப்பிடும்போது வயிற்றுக்கும் தட்டுக்கும் நடுவில் அது உப்பிக்கொண்டு நின்றது.

“பாய், வெள்ளம் எப்ப வருதுன்னு எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. கடையைக் காலி பண்ணணும்ல” என்றான் டீக்கடைக் கருத்தையா.

“சிரிப்பா இருக்காலே உனக்கு? என் வயித்தெரிச்சல் எனக்குத்தான் தெரியும்” என்றார் அசன் முகம்மது. மெதுவாகப் பேசுகிற மனுஷன் அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டார்.

இப்போது முறைப்படி முறையீடு கொடுத்தார். அனந்தபத்மநாபன் ஒரு கூட்டம் போட்டு, அவருக்குச் சால்வை போர்த்தி, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். “படகுகள் வெளியே வர்றதாலதான் ஊதறோம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டா எந்தப் படகும் வெளியே வராது. அப்புறம் எதுக்கு ஊதல்? ஆகவே நம்ம மீனவ சமுதாயத்தோட நலனுக்காக இன்னைக்கு ஒன்றாம் எண் கூண்டு ஏத்தறோம்.” மீனவ சமுதாயம் மிதவைச் சட்டையோடு முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தது.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மேற்கே அய்யனார் கோவில் மலை மீது ஒரு துண்டு மேகம்கூட இல்லை. துறைமுகத்துக் கம்பத்தில் கூண்டு ஏறியது. அரை மணி நேரத்தில் ஊர் அமளிப்பட்டது. மில்லில் பஞ்சுப் பொதிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நின்று, “சார், நாளைக்கு லீவு உண்டா?” என்று கேட்டார்கள். தலைமையாசிரியர் வானத்தையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அசன் முகம்மது வீட்டுக்கு வந்து மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். “இனிமேல் நீ நிம்மதியாத் தூங்கலாம்டா ராசா” என்று சொல்லி வாய் மூடவில்லை, வீடே அதிர்கிற மாதிரி ஒரு ஊதல். இஞ்சினே வரவில்லை, துறைமுகத்திலிருந்து ஊதல் மட்டும் வந்தது. தலைதெறிக்க அங்கே ஓடினார்.

“கூண்டு ஏத்தினா, ஏத்தியிருக்கோம்னு மணிக்கொரு தரம் ஊதி அறிவிக்கணும் பாய்” என்றார் அனந்தபத்மநாபன். “இல்லேன்னா கூண்டு ஏத்தினது எப்படித் தெரியும்? நாளைக்கு உங்க உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“அப்ப கூண்டை இறக்கிருங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“இறக்கறதா? புயல் கரையைக் கடக்காம எப்படி இறக்கறது?”

வராத புயல் கரையைக் கடந்ததாக ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் மணிக்கொரு ஊதல். பெட்டி வந்தால் அதற்குத் தனி ஊதல். பிள்ளை இளைத்துவிட்டது. அசீனா புருஷனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் போன் வந்தது. “மாமா, அம்மா ஒரு முடிவுக்கு வந்துட்டாக. நானும் எம்புட்டு நாளைக்குத்தான் சமாளிக்கது?” என்றான் அனஸ்.

அந்தச் சமயத்தில்தான் சித்திரை பிறந்தது. அனந்தபத்மநாபனே வீடு தேடி வந்தார்; கையில் இனிப்பு வேறு.

“பாய், நல்ல சேதி. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பமாகுது. மீனெல்லாம் குஞ்சு பொரிக்கற காலம். ரெண்டு மாசத்துக்கு எந்தப் படகும் கடலுக்குப் போகக் கூடாது. படகு போகலைன்னா நுழைவு ஒலியும் கிடையாது. இது ஒலி ஒழுங்கு அலுவலகத்தோட வெற்றி.”

நிஜமாகவே ஊதல் நின்றது. கூட்ஸ் இஞ்சின் பூனை மாதிரி வந்து பூனை மாதிரி போனது. அன்று மத்தியானம் பிள்ளை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. வெயில் சாய்ந்தது, தூங்கியது. அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், அதற்கும் அசையாமல் தூங்கியது. ஹஃபீஸா பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். “மூச்சு வருது அத்தா” என்று தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அசீனா புருஷனுக்கு டீ போட்டுக் கொடுத்து, “பரவாயில்ல, ஆம்பளதான்” என்றாள். சம்மந்தியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், “அல்ஹம்துலில்லாஹ், அப்ப நாப்பது முடியட்டும்” என்று ஒத்துக்கொண்டது. அசன் முகம்மது அன்றைக்குப் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கப் போனால், வாசலில் துறைமுக ஜீப் நிற்கிறது. ஷட்டரில் சீல்.

“தடைக்காலத்துல மீனவர் வலை வெச்சிருக்கக் கூடாது பாய். சட்டம் எல்லாருக்கும் பொதுதானே?” என்றார் அனந்தபத்மநாபன். ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார்.

“இது கொசுவலை சார்! கொசுவைப் பிடிக்கறதுக்குக்கூட இல்ல, கொசு உள்ள வராம இருக்கதுக்கு!”

அனந்தபத்மநாபன் கடை முகப்பில் தொங்கிய ஒரு வலையை வெளிச்சத்தில் விரித்து, அளவுகோலை வைத்துக் கண்ணியை அளந்தார். அளக்க அளக்க அவர் முகம் கறுத்துப்போனது. “என்ன பாய் இது? கண்ணி இத்தனை சின்னதா? நான் கடல்ல எத்தனையோ திருட்டு வலை பார்த்திருக்கேன். இப்படி ஒரு வலையைப் பார்த்ததே இல்லை. இதுல மீன் குஞ்சு இல்லை, மீன் முட்டைகூடத் தப்பாதே! வீட்லயும் வலை இருக்கா?”

பொய் சொல்லத் தெரிந்த மனுஷனாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. “தொட்டில்ல ஒண்ணு இருக்கு சார்” என்று சொல்லிவிட்டார்.

ஜீப் வீட்டுக்கு வந்தது. பிள்ளை வலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஹஃபீஸா தொட்டிலை மறித்துக்கொண்டு, “அய்யா, மதிலடியில உங்க சாக்கடைதான் தேங்கிக் கெடக்கு. கொசு புள்ளையத் தூக்கிட்டுப் போயிரும். வலையை எடுக்காதீக” என்று கத்தினாள்.

“சத்தம் போடாதேம்மா. குழந்தை முழிச்சுக்கும். இந்த அமைதியைக் கொண்டுவர நாங்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம்!” என்று காதோடு சொன்னார் அனந்தபத்மநாபன். பிறகு ஆளும் பேருமாகச் சேர்ந்து, முடிச்சு முடிச்சாக, பிள்ளை அசையாதபடி வலையை அவிழ்த்தார்கள். அதில் அவர்களுக்குப் பெரிய பெருமை. ஜெபா அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்: “தடைசெய்யப்பட்ட வலை ஒன்று கைப்பற்றப்பட்டது. வலையினுள் இருந்த இளங்குஞ்சு ஒன்று காயமின்றி உயிருடன் விடுவிக்கப்பட்டது.” எழுதிவிட்டு அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

விடிந்து பார்த்தால் பிள்ளை முகமெல்லாம் தடிப்பு. இமை வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் வலை இரவல் வாங்கிக் கட்டினார்கள். மீனவர் வீட்டில் வலை இருக்கக் கூடாதென்று அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அசீனா சேலையைப் போட்டு மூடினாள். புழுக்கத்தில் பிள்ளை நீலம் பாரித்தது. அசன் முகம்மது துறைமுகத்துக்கு ஓடிப்போய் அனந்தபத்மநாபன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் மீனவன் இல்ல சார். பேரை அடிச்சிருங்க. ஊதுறதுன்னா ஊதிக்கிடுங்க. வலையக் குடுத்துருங்க.”

“தாராளமா அடிக்கலாம். ஆனா கடல்ல இருக்கற மீனவர் பேரை அடிக்க முடியாது. மனைவி மக்களோட கரைக்கு வந்துடணும்.”

“கரை எங்க சார் இருக்கு?”

அனந்தபத்மநாபன் வரைபடத்தில் நீலம் முடிகிற இடம் வரைக்கும் விரலை நகர்த்திக்கொண்டே போனார். “ஸ்ரீவில்லிபுத்தூர்” என்றார்.

விஷயம் கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே சம்மந்தியம்மா காரோடு வந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்தது. சண்டை போடும், நாலு வார்த்தை கேட்கும் என்று அசன் முகம்மது தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தம்மாவோ பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தது. ஹஃபீஸா, “அத்தா, வாரேன்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாள். “தப்பா எடுத்துக்காதீக மாமா” என்றான் அனஸ். நாற்பதுக்கு இன்னும் பாதிநாள் பாக்கி இருந்தது. சீருக்கு வாங்கிவைத்த சாமானெல்லாம் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது.

இரண்டு நாள் கழித்து அனந்தபத்மநாபன் ஜெபாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். முறையீடு தீர்ந்துவிட்டதா என்று சத்தம் அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்து முடித்துவைக்க வேண்டுமாம். அசீனா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மீட்டரை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, காலித் தொட்டிலுக்குள் வைத்தார்.

“அடடா, எவ்வளவு அமைதி!” என்று கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். “நுழைவு ஒலியும் இல்லை, குழந்தை அழற சத்தமும் இல்லை. நீங்க கேட்டது ஒண்ணு, நாங்க செஞ்சு கொடுத்தது ரெண்டு. குழந்தை எங்கே பாய்?”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக சார்.”

அனந்தபத்மநாபன் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். “சந்தோஷம் பாய், ரொம்ப சந்தோஷம்! மகளும் பேரனும் பத்திரமா கரை சேர்ந்துட்டாங்க. ஒரு மீனவருக்கு இதைவிட வேற என்ன வேணும்?”

அசன் முகம்மதுவுக்கு உதடு கோணியது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. மிதவைச் சட்டையோடு சுவரில் சாய்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“உஷ்! மீட்டர் ஓடுது பாய்” என்றார் அனந்தபத்மநாபன்.

அசன் முகம்மது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அனந்தபத்மநாபன் ஜெபாவைப் பார்த்தார். அவள் தொட்டிலுக்குள் குனிந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணும் பதிவாகல சார்” என்றாள்.